திரிந்த நீலத் துளி

"எனுக்கு ஜொரமும் இல்ல, ஒரு எழவும் இல்லம்மா. ஆனா கேட்டாண்ட வுடமாட்டேங்குறாங்க" என்று ஜஹானாராவின் வீட்டு வாசலில் கூடையை இறக்கினாள் கோவளத்து மீன்காரி செல்வம்மாள்.

மேடவாக்கம் அடுக்ககத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு டைஃபாய்டு. செயலாளர் ஸ்ரீநிவாசனின் சந்தேகம் நேராக மீன்கூடை மேல் விழுந்தது. பக்கத்து லேபில் அவள் ரத்தத்தைச் சோதித்ததில் டைஃபாய்டு என்று வந்தது. வாசலில் அத்தனை பேர் முன்னால், "நோய் பரப்புறவ" என்றுவிட்டார். பல வருஷ வாடிக்கை அன்றோடு போயிற்று.

தாம்பரத்து ஜஹானாரா கிருமி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது துப்பறிகிறார். செல்போன் கடை அக்தர் அவருக்கு வலதுகை.

"லேப் பொய் சொல்லுமாக்கா?"

"போய்ப் பார்த்தால் தெரியும்."

செல்வம்மாளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்ரீநிவாசனும் லேபுக்கு வந்தார். லேப்காரர் முனிரத்தினம் ஃப்ரீசரில் பனியோடு ஒட்டியிருந்த, டைஃபாய்டு சோதனைக்கான நீல மருந்துப் புட்டியைப் பிய்த்தெடுத்து, உள்ளங்கையில் உருட்டிக் கரைத்தார். "அடிக்கடி கரண்ட் போகுது மேடம். அதான் ஃப்ரீசர்லயே வெச்சிடுறேன்."

"பொறுப்பான ஆளு" என்று அக்தர் முணுமுணுத்தான்.

கண்ணாடித் தகட்டில் இரண்டு நீலத் துளிகள். ஒன்றில் செல்வம்மாளின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர். மற்றதில் ஜஹானாரா கொண்டுவந்த சொட்டு. தகட்டை ஆட்டியதும் இரண்டும் பால் திரிவதுபோலத் திரிந்தன.

"ரெண்டாவது ஆளுக்கும் டைஃபாய்டு. யாரு ரத்தம் அது?" என்றார் ஸ்ரீநிவாசன்.

"ரத்தமே இல்லை சார். வெறும் உப்புத் தண்ணி."

அவர் தகட்டின் மேல் குனிந்து பார்த்தார். ஜஹானாரா விளக்கினார்.

"நீலத்தில் இருப்பது செத்த டைஃபாய்டு கிருமி. அதன் மேல்தோலில் சில அடையாளங்கள் உண்டு. நோய் கண்ட ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் அவற்றைப் பற்றிக்கொண்டு கிருமிகளைக் கட்டியாக்கும். உப்புத் தண்ணியில் பற்றுவதற்கு யார் இருக்கா? உறைந்து கரைந்ததில் மருந்து கெட்டுப்போய், தானாகவே திரியுது."

தாம்பரத்திலிருந்து அக்தர், உறையவிடாத அதே மருந்துப் புட்டியையும், டைஃபாய்டு உறுதியான ஒரு நோயாளியின் ரத்தத்தையும் கொண்டுவந்தான். அதில் நோயாளி ரத்தம் மட்டும் திரிந்தது. செல்வம்மாளின் துளியும் உப்புநீரும் தெளிவாக நின்றன.

"இவங்க மேல உங்ககிட்ட ஆதாரமே இல்ல. முதல்ல உங்க அடுக்ககத்துக்கு வர்ற லாரித் தண்ணியைச் சோதிங்க" என்றார் ஜஹானாரா.

"சரிம்மா, நாளைக்கு வந்து வித்துக்கோ" என்றார் ஸ்ரீநிவாசன்.

"வுடுன்னு உன்னாண்ட கெஞ்ச வரல சார். கேட்டாண்ட சொன்னத, அங்கியே வந்து இல்லன்னு சொல்லு."

வேறு வழியில்லாமல் வந்தார். அதே கூட்டம் நின்றது. தொண்டையைச் செருமி, "சோதனை தப்பு. அந்தம்மா மேல பழி சொன்னது என் தப்பு" என்று முனகினார்.

செல்வம்மாள் கூடையைத் தன் பழைய இடத்தில் வைத்து, அரிவாள்மணையை விரித்து உட்கார்ந்தாள்.

"மூணாவது மாடிக்குக் கேக்கல சார். இன்னொரு தபா சொல்லு."