அரைமுகத்தாரின் கடைசிச் சாவு

செல்போன் அலறியது!

எடுக்க வேண்டியவர் சோபாவில் வாய் பிளந்து கிடந்தார். கடைவாயில் எச்சில் ஒழுகியிருந்தது.

"சீ..." என்றான் செயலாளன்.

கறுப்பு வெள்ளை க்ரைம் படங்களுக்கென்றே இருக்கும் ரசிகர் மன்றத்தின் செயலாளன். சற்று முன் காபியில் ஒரு கைப்பிடி தூக்க மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

கிடந்தவர் அந்தக் காலத்து வில்லன். முகத்தின் ஒரு பாதியில்தான் வெளிச்சம் விழும். அதனால் அரைமுகத்தார். ஸ்டூடியோவில் லைட் தூக்கும் ஆளாக நுழைந்தவர். எந்த நிழலில் நின்றால் ஜனம் நடுங்கும் என்று தெரிந்துகொண்டு கேமராவுக்கு முன்னால் வந்தார். எல்லாப் படத்திலும் கடைசி ரீலில் செத்தார். இமை ஆடாது, மார்பு அசையாது... அந்தச் சாவைப் பார்ப்பதற்கே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு.

கலர் வந்தது. நிழல் போனது. அப்புறம் ஒரு சீன் டாக்டர், அரை சீன் நீதிபதி, அதோடு சரி.

செயலாளனுக்கு அதில் வருத்தமே இல்லை. திரையில் ஒரு தடவைகூடச் சிரிக்காத மனிதர்! எவ்வளவு சுத்தமான வாழ்க்கை!

இப்போது பல்பொடி விளம்பரத்தில் ஆடுகிறாராம். மஞ்சள் பூச்சட்டையில். பிரஷ்ஷை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு. காலையில் அதைச் சொல்லிவிட்டு, தொப்பை குலுங்க ஆடியும் காட்டினார். கட்டின பல் கழன்று மடியில் விழுந்தது. துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி இளித்தார்.

செயலாளன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஷூட்டிங் எப்போது என்றுகூடக் கேட்கவில்லை. இந்தக் கண்றாவியை ஊர் பார்க்கக் கூடாது. அதற்குள் ஆளை முடித்துவிட வேண்டும். காபி நானே போடுகிறேன் சார் என்று எழுந்து போனான்.

நாடி பிடித்துப் பார்க்க மனசு வரவில்லை. அந்த எச்சிலை எவன் தொடுவான்? சுவரில் மாட்டியிருந்த பழைய தொப்பியை விரல்நுனியில் எடுத்து அவர் தலையில் வைத்தான். இடது புருவம் மறைகிற மாதிரி. ஜன்னலின் மரப்பட்டிகளைத் திருப்பினான். முகத்தில் கோடு கோடாக நிழல் விழுந்தது.

ஆஹா... இவர்தான் என் அரைமுகத்தார்!

தெருமுனையில் நிதானமாக ஒரு டீ குடித்தான். திரும்பி வந்து போலீசைக் கூப்பிட்டான்.

பெண் இன்ஸ்பெக்டர் வந்தாள். வாசலிலிருந்தே பார்த்தேன், உள்ளே காலே வைக்கவில்லை என்று தழுதழுத்தான். வயதானவர், ஹார்ட்டாக இருக்கும் என்றாள் அவள். அவனுக்குப் பாதி உயிர் வந்தது.

அவள் முகம் பார்ப்பதற்காகத் தொப்பியைப் பின்னால் தள்ளினாள். அப்படியே விட்டுவிட்டாள். வழுக்கை பளபளத்தது.

செயலாளன் பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. போய்ச் சரிசெய்தான்.

"கை வைக்காதீங்க சார்."

"மன்னிச்சுக்குங்க மேடம். இடது புருவம் தெரியக் கூடாது... அது அவரு ஸ்டைல்."

"நான் வந்தப்பவும் கரெக்டா அப்படித்தான் இருந்துச்சு. சாகுற நேரத்துல எப்படித்தான் ஸ்டைல் பாத்தாரோ!"

அவன் தொப்பியிலிருந்து கையை எடுத்தான்.

"பாவம், பல்பொடி விளம்பரம் இன்னிக்கு டிவில வருது. பாக்கக் குடுத்து வைக்கல" என்றாள்.

"எப்படி மேடம் வரும்? ஆளே இல்லாம எப்படி எடுப்பாங்க?"

"போன வாரமே எடுத்தாச்சே. நானே பாத்தேன். நல்லா ஆடுறாரு."

"போன வாரமேவா?" குரல் கிறீச்சிட்டது. "அப்ப நான் இவரைக் கொன்னது எதுக்கு?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது.

"விளம்பரத்தை எங்க பாத்தேன்னு கேக்கலையே சார்? அவரே என்னைக் கூப்பிட்டு, செல்போன்ல காட்டினாரு. நீங்க டீ குடிக்கப் போனப்ப!"

சோபா கிறீச்சிட்டது. தொப்பி உருண்டது. அரைமுகத்தார் எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"காபில கலக்கினவன் நம்ம மூஞ்சிய பாக்க மாட்டாம்மா, கப்பையே பாப்பான். எத்தனை ஹீரோவுக்கு நான் கலக்கிக் குடுத்திருக்கேன்! இவன் தன் கப்பக் கழுவப் போனப்ப என்னோடத அந்தச் செடித்தொட்டில ஊத்திட்டேன்."

செயலாளனின் கையில் விலங்கு விழுந்தது. அரைமுகத்தார் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா நான் சாகுறத ரசிச்சிருக்கான்... நடிப்புன்னு கண்டுபிடிக்கத் தெரியல. த்தூ... இவனெல்லாம் ஒரு ரசிகன்!"