சிவப்புத் தாளில் ஒரு கட்டி

கெங் ஹாவ் ஒப்பனை அறைத் தரையில் கிடந்தான்.

குப்புற.

கையை விட்டு உருண்ட மூங்கில் குழல் சுவரோரம் நின்றிருந்தது.

மதியம் ஒன்று நாற்பது. சீனக் குதிரை வருடத்தின் முதல் பௌர்ணமி. மூன்று மணிக்கு சூச்சோவ் வாத்தியக் குழுவின் விளக்குத் திருவிழாக் கச்சேரி. டிக்கெட் அத்தனையும் தீர்ந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் ஜியாங் உள்ளே வந்தாள். வாசலில் யாரோ கொடுத்த இனிப்பு உருண்டை இன்னும் வாயில் இருந்தது.

"செத்துட்டானா?"

"இல்ல மேடம்," என்றார் ஆம்புலன்ஸ் டாக்டர். "தூக்க மருந்து. பொழைச்சுக்குவான்."

"இவனுக்கு யாரு எதிரி?"

கூடியிருந்த வாத்தியக்காரர்கள் எல்லார் கண்ணும் மூலைக்குப் போனது.

அங்கே பெய் லான். பன்னிரண்டு வருடம் பின்வரிசையில் குழல் ஊதியவள். இன்றைக்குத்தான் முதல் தனி வாசிப்பு. ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்துக்கு கெங்கும் முட்டி மோதித் தோற்றிருந்தான்.

"நேத்து ரிகர்சல்ல அவனோட சண்டையாமே? என்ன சொன்னீங்க?"

"உன் வாயை மூட வைக்கிறேன்னு சொன்னேன். பூண்டு நாத்தம் அடிக்கிறேன்னு நாப்பது பேர் முன்னாடி சொன்னான். கொஞ்சவா முடியும்?"

"ஏன் பூண்டு?"

"குழல்ல ஒரு துளைக்கு நாணல் சவ்வு ஒட்டணும் மேடம். அப்பத்தான் நாதம் சிலிர்க்கும். நான் பூண்டுச் சாறு தடவி ஒட்டுவேன். மத்தவங்க கழுதைத்தோல் பசையில ஒட்டுவாங்க."

கெங்கின் மேஜையில் ஒரு பழுப்புக் கட்டி இருந்தது. பளபளவென்று... புதுசாக.

"இதுதானா? எப்படி ஒட்டுவாங்க?"

"விரலை நக்கி, கட்டியில தேய்ச்சு, துளையோரம் தடவணும். பத்தலைன்னா மறுபடி நக்கணும். இங்க ஹீட்டர் சூட்டுக்கு சவ்வு நிக்கவே மாட்டேங்குது. அஞ்சாறு தடவையாவது நக்கியிருப்பான்."

டாக்டர் கட்டியை வெளிச்சத்தில் பிடித்தார்.

"மேல மாத்திரைப் பொடி பூசியிருக்கு மேடம்."

"பெய் லான், இந்தக் கட்டி யாரோடது?"

அவள் கட்டியை எட்டிப் பார்த்தாள்.

"காலைல வரைக்கும்... என்னோடது."

"வண்டியில ஏறுங்க."

"மேடம், மூணு மணிக்கு நான் வாசிக்கணும்..."

"ஸ்டேஷன்ல வாசிங்க. அங்கயும் ஆள் இருக்கு."

"என் மேஜையில சிவப்புத் தாள்ல சுத்தி வச்சிருந்துச்சு. பேர் இல்ல. திருவிழாப் பரிசுன்னு நினைச்சேன். பூண்டுக்காரிக்கு இது எதுக்கு? மாஸ்டருக்குக் குடுத்துட்டேன்."

குழுவை நடத்தும் மாஸ்டர் ஷென் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு மட்டும் எதுக்கு? கரைச்சுக் குடிச்சா உடம்புக்கு நல்லதுன்னு என் வீட்டுக்காரி அலமாரி பூரா இதைத்தான் அடுக்கி வச்சிருக்கா. தங்கத் தாள்ல சுத்தி கெங்குக்குக் குடுத்தேன். ரெண்டு நாளா மூஞ்சைத் தூக்கி வச்சிருந்தான். மனசு ஆறட்டும்னு..."

"வந்த பரிசைத் தள்ளி விட்டீங்க."

"யார் வீட்டுலதான் தள்ளி விடலை?"

ஜியாங் வீட்டுத் தேயிலை டப்பா ஒன்று மூன்று வருடமாகச் சொந்தக்காரர்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"அப்ப குறி கெங் இல்ல. பெய் லான்." அவள் மெதுவாகத் திரும்பினாள். "மாஸ்டர், இவங்க விழுந்திருந்தா அந்த ஆறு நிமிஷத்தை யார் வாசிச்சிருப்பா?"

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். அந்த ஆட்டத்தில் கெங்கின் ஒரு கண் பாதி திறந்தது.

"மாஸ்டர்..." நாக்கு குழறியது. "பெய்... தூங்கிட்டாளா? நான்... ரெடி..."

கண் மூடிக்கொண்டது.

"அதான் நாப்பது பேர் முன்னாடி நாத்தம்னானா? பூண்டை விட்டுட்டு இந்தப் பசைக்கு மாறுவேன்னு!" என்றாள் பெய் லான்.

ஜியாங் கைவிலங்கை எடுத்தாள். ஒரு வளையம் கெங்கின் மணிக்கட்டில். இன்னொன்று ஸ்ட்ரெச்சர் கம்பியில்.

பெய் லான் பையிலிருந்து ஒரு பூண்டுப் பல்லை எடுத்துக் கடித்தாள். சாற்றைத் தன் குழலின் துளையோரம் தடவி, சவ்வை விரலால் நீவினாள்.

"இப்ப எதுல ஏறட்டும் மேடம்? வண்டியிலயா, மேடையிலயா?"

"மேடையில. சீக்கிரம் போங்க, நாத்தம் தாங்கலை."

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"இவனுக்கு என்ன ஆச்சுன்னு எழுதட்டும் மேடம்?"

"குதிரை வருஷம் பொறந்து பதினஞ்சே நாள்தான்..." என்றாள் ஜியாங். "அதுக்குள்ள கழுதை உதைச்சிடுச்சுன்னு எழுதுங்க."