செருப்புக் கூடை

மூன்று வருடம், ஒரு மாதம், பத்தொன்பது நாள். அத்தனை நாளாக அர்கிரோ, 'அல்கியோனி'யின் மேல்தளத்தில் கால் வைக்கவில்லை.

சொந்தக் கப்பல்தான். கணவன் பந்தெலிஸ்தான் அதன் கேப்டன். இருபத்தேழு பயணிகளை ஏற்றிக்கொண்டு, பழங்காலக் கோயில்கள் இடிந்து கிடக்கும் தீவுகளைக் காட்டிவரும் சின்னச் சொகுசுக் கப்பல். மே முதல் அக்டோபர் வரை குடும்பத்துக்கு அதுதான் வீடு. அந்த வீட்டில் அர்கிரோவின் இடம் கீழே, சலவை இயந்திரங்களுக்குப் பக்கத்தில்.

அன்று கப்பல் தேலோஸ் தீவுக்குப் போகிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதல் முறை.

மாமியார் கல்லியோப்பி சமையலறை மேசையில் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தாள். விதவையாகிப் பதினேழு வருடமாக வேறு நிறம் உடுத்தியதில்லை.

"காப்பியில என்ன போட்ட? வாயில வைக்க முடியல."

"சர்க்கரைதான் போட்டேன், அத்தை."

"போட்டிருக்க மாட்ட. செய்யாததைச் செஞ்சேன்னு சொல்றதுல நீ கெட்டிக்காரியாச்சே!"

அர்கிரோவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு கோப்பையைக் கழுவி, வேறு காப்பி வைத்தாள்.

"நாளைக்கு நாக்ஸோஸ்ல நிறுத்தறோம். உன் அண்ணன் வருவான். மூட்டையைக் கட்டிக்க."

"எனக்கா அத்தை..? எதுக்கு?"

"எதுக்கா? ஆண்டவன் யாரும் சாகக்கூடாதுன்னு வச்ச தீவுல ஒருத்தியச் சாகப் போட்டவளுக்கு மூணு வருஷம் சோறு போட்டாச்சு. போதும்."

"போப்பி..?"

"போப்பி இங்கதான். இன்னையிலேருந்து ஆள் எண்ணற பலகைக்குப் பக்கத்துல அவதான் நிப்பா. என் பேரு வச்ச பொண்ணு. உன் ராசி அவளுக்கு ஒட்டாது."

அர்கிரோ கணவனைப் பார்த்தாள். பந்தெலிஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க... நீங்களாவது ஒரு வார்த்தை..."

"காத்து ஏறுது. அஞ்சு மணிக்குள்ள தீவை விட்டுக் கிளம்பணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

போப்பி வெள்ளைச் சீருடையில் வந்தாள். பத்தொன்பது வயது. முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பது வழக்கம். கல்லியோப்பி என்பதைச் சுருக்கிப் போப்பி.

"காலர் மடங்கியிருக்கு, வா" என்றாள் அர்கிரோ.

போப்பி ஓர் அடி பின்வாங்கினாள். "வேணாம்மா. இன்னைக்கு நீ தொடாத."

பாட்டி சிரித்தாள். "பார்த்தியா! விவரமான பொண்ணு."

அர்கிரோ படியிறங்கிச் சலவை அறைக்குப் போனாள். அழுவதற்கு அங்கேதான் வசதி. இயந்திரத்தின் சத்தத்தில் வேறு சத்தம் கேட்காது.

கப்பலில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு பயணிக்கும் எண் போட்ட ஒரு பித்தளை வில்லை அதில் தொங்கும். கரைக்குப் போனால் சிவப்புப் பக்கம், திரும்பி வந்தால் வெள்ளைப் பக்கம். எல்லாம் வெள்ளையானால்தான் நங்கூரம் எடுப்பார்கள். மற்றக் கப்பல்களில் யாராவது ஒரு சிப்பந்தி திருப்புவான். இவர்கள் கலிம்னோஸ் தீவுக்காரர்கள். கடற்பஞ்சு எடுக்க மூழ்கப் போன ஆண்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று வீட்டின் மூத்தவள்தான் கரையில் நின்று எண்ணுவாள். எண்ணுகிறவளை யாரும் திருத்தக் கூடாது. திருத்தினால் எண்ணிக்கை குறையும் என்பார்கள். அதனால் கண் மங்கிய பிறகும், கப்பல் ஆட்கள் பட்டியலில் பெயரே இல்லாதபோதும், வில்லைகளைக் கல்லியோப்பிதான் திருப்பினாள்.

மூன்று வருடத்துக்கு முன் அந்த நாளில் அர்கிரோ பக்கத்தில்தான் நின்றாள். மாமியாரின் விரல் தடவித் தடவிப் போய்ப் பதினாறைத் திருப்பியதைப் பார்த்தாள். வந்தவர் பத்தொன்பது. சொல்ல வாயெடுத்தாள், வழக்கம் நினைவுக்கு வந்தது. பதினாறும் வந்திருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கடைசியில் பத்தொன்பது மட்டும் சிவப்பாகத் தொங்கியது. அவர்தான் தளத்தில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறாரே என்று அதையும் திருப்பிவிட்டார்கள்.

பதினாறு, பெல்ஜியத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. தீவிலேயே விடப்பட்டு, இடுப்பு எலும்பு உடைந்து, காற்றிலும் குளிரிலும் ஒரு ராத்திரி முழுதும் கற்களுக்கு நடுவே கிடந்தாள். இருபத்திரண்டு நாள் கழித்து ஏதென்ஸில் ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

பட்டியலில் இல்லாத, கண் தெரியாத கிழவி பலகையைப் பார்த்தாள் என்று வெளியே வந்தால் பந்தெலிஸுக்குச் சிறை. கப்பல் போய்விடும். "நான்தான் திருப்பினேன்" என்று துறைமுக விசாரணையில் அர்கிரோ கையெழுத்துப் போட்டாள். தன் விரல் தவறியது மாமியாருக்கே தெரியாது என்று நம்பினாள். கண் தெரியாதவளிடம் போய் அதைச் சொல்வானேன்? தானும் வாய் திறக்காதவள்தானே. அதற்கு இது தண்டனை என்று வைத்துக்கொண்டாள். ஆனால் மகளை இழப்பது அந்தக் கணக்கில் இல்லை.

மத்தியானம் நங்கூரம் இறங்கும் சத்தம் கேட்டது. சிறுபடகு பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோய் விட்டது. நாலரைக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள்.

கப்பலில் ஏறுகிறவர்கள் மண் படிந்த செருப்பை ஏணியடியில் கழற்றிப் பிரம்புக் கூடையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு மேலே போக வேண்டும். கூடை அர்கிரோவிடம் இறங்கும். துடைத்து, வரிசையாக வைத்து, அனுப்புவாள். இந்தப் பயணத்தில் அவள் ஒரு முகத்தையும் பார்த்ததில்லை. ஆனால் இருபத்தேழு ஜோடியும் தெரியும். வலது பக்கம் தேய்ந்தது, புதுத் தோல் நாற்றம் போகாதது, நாடாவுக்குப் பதில் கயிறு கட்டியது.

அன்று துடைத்து வைத்தபோது வரிசை குட்டையாக இருந்தது. எண்ணினாள். இருபத்தாறு. கூடையைக் கவிழ்த்தாள். மறுபடி எண்ணினாள்.

நீலக் கான்வாஸ். இடது குதிகால் மிதிபட்டு மடிந்தது. அது இல்லை.

தலைக்கு மேலே சங்கிலி ஏறும் சத்தம் தொடங்கியது.

அர்கிரோ படியேறி ஓடினாள். மேல்தளத்தின் தேக்குப் பலகை காலில் சுட்டது. பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நிறுத்துங்க! ஒருத்தர் வரலை! சங்கிலியை நிறுத்துங்க!"

பலகைக்கு முன்னால் கல்லியோப்பி நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் போப்பி. இருபத்தேழு வில்லையும் வெள்ளை.

"யாருடி உன்னை மேல வரச் சொன்னது?"

"ஒரு ஜோடி குறையுது அத்தை... நீலக் கான்வாஸ்..."

"கேட்டியா பந்தெலி! செருப்பை எண்ணிக்கிட்டு வந்துட்டா உன் பொண்டாட்டி! இனிமே கப்பலைச் செருப்புதான் ஓட்டும் போல..! போடி கீழ. விருந்தாளிங்க பார்க்கறாங்க, நாத்தத்தோட வந்து நிக்கற."

பந்தெலிஸ் முன்தளத்திலிருந்து வந்தான். "யாராவது கையிலேயே எடுத்துட்டுப் போயிருப்பாங்க அர்கிரோ. பலகை வெள்ளையா இருக்குல்ல?"

"அன்னைக்கும் வெள்ளையாத்தான் இருந்துச்சு!"

அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. பந்தெலிஸ் அப்படியே நின்றான்.

போப்பியின் முகம் வெளுத்திருந்தது. "இடது குதிகால் மடிஞ்சிருக்குமாம்மா?"

"ஆமா."

"அது பன்னெண்டு. அந்த டென்மார்க்குக்காரப் பெரியவர்..."

"பன்னெண்டு வந்தாச்சு! நானே எண்ணினேன்!" என்றாள் கிழவி.

பந்தெலிஸ் தூரக்கண்ணாடியை எடுத்தான். கரையைப் பார்த்தான். அங்கே காவலாளி ஒருவன், பக்கத்தில் தொப்பியை ஆட்டிக்கொண்டு ஒரு கிழவர். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கண்ணாடியை இறக்கினான்.

"படகை இறக்குங்கடா."

படகு போன பிறகு நால்வர் மட்டும் பலகை முன்னால் இருந்தார்கள். கல்லியோப்பி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். பேத்தி நின்ற பக்கமாக.

"போப்பி... நீ ஏன்டி பன்னெண்டைத் திருப்பின?"

"நானா..? பாட்டி..!"

"பின்ன யாரு? சின்னப் பொண்ணு, கவனம் பிசகிடுச்சு. அதிகாரிங்க கேட்டா ஒத்துக்க. ஆள்தான் நல்லா இருக்காரே, ஒண்ணும் ஆகாது. அம்மாவோட ராசி ஒட்டிக்கிச்சு, வேற என்ன..."

"உங்க விரல் தப்பா போச்சுன்னு பார்த்தேன் பாட்டி. எண்ணறவங்களைத் திருத்தக் கூடாதுன்னு நீங்கதானே..." போப்பி நிறுத்தினாள். அம்மாவைப் பார்த்தாள். கண்கள் பெரிதாயின. "அம்மா... அன்னைக்கும் இப்படித்தானா..?"

அர்கிரோ கிட்டே போனாள். மகளின் மடங்கிய காலரை நீவிவிட்டாள். இந்த முறை போப்பி பின்வாங்கவில்லை. அம்மாவின் சோப்புநீரில் வெந்த கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு விம்மினாள்.

"தொடாதன்னு சொன்னேனேம்மா... காலையில..."

"அர்கிரோ!" பந்தெலிஸின் குரல் உடைந்தது. "என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேட்கலைங்க. மூணு வருஷமும் ஒரு நாள்கூடக் கேட்கலை."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அர்கிரோ மாமியாரின் முன்னால் போய் நின்றாள். தலை குனியாமல் பேசினாள்.

"நாளைக்கு நாக்ஸோஸ்ல இறங்கிடறேன் அத்தை. இந்தக் கப்பல் எனக்கு வேணாம். ஆனா என் பொண்ணு பொய்க் கையெழுத்துப் போட மாட்டா. அது என்னோட முடியட்டும். உங்களுக்குத் தெரியாம நடந்ததுன்னுதான் இத்தனை நாள் வாயை மூடிட்டிருந்தேன். கண்ணு தெரியாத மனுஷி, தாங்க மாட்டாங்கன்னு. இன்னைக்குத் தெரிஞ்சே ஒரு பிள்ளை தலையில ஏத்தறீங்க. இப்போ நீங்க சொல்லுங்க. இல்லேன்னா நான் சொல்றேன்."

கிழவி நாற்காலியில் நிமிர்ந்தாள். காற்றில் வில்லைகள் ஒன்றோடொன்று உரசின. அவள் கை உயர்ந்து, பலகையைத் தடவி, பதினாறில் போய் நின்றது. தேடாமல் நேராகப் போயிற்று.

"நீ எம்மேல இரக்கப்பட்ட பாரு... அதைத்தான்டி என்னால தாங்க முடியல" என்றாள். "மூணு வருஷமா உன் முகத்தைப் பார்க்கக் கூடாதுன்னுதான் கீழ தள்ளினேன்."

"அம்மா, என்ன சொல்றீங்க?" என்றான் பந்தெலிஸ்.

"தெரியாம நடந்ததில்லடா. அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுல அந்த டீச்சரோட நாற்காலி காலியா இருந்துச்சு. பரிமாற வந்த பையன் கேட்டான். தலைசுத்தலாம், படுத்திருக்காங்க, எழுப்பாதன்னு நான்தான் சொன்னேன். கப்பலைத் திருப்பியிருக்கலாம், ரெண்டு மணி நேரம்தான்... என் எண்ணிக்கை தப்புன்னு ஒத்துக்க மனசு வரல. பதினாறைத் திருப்பினது நான். அவ தீவுலதான் இருக்கான்னு அப்பவே எனக்குத் தெரியும்."