மூலையில் மட்டும் வரைந்த வலை

சோதனை ஓட்டம் முடிந்து வந்த பெட்டியிலிருந்து கழற்றிய சட்டத்தை அவசரம் அண்ணன் அவள் மேசைமேல் வைத்தபோது அதில் வலை இல்லை. அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. கீழ் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் இருந்தது. மீதி முழுக்க வெறும் ஓட்டை. அதன் வழியாக மேசையின் மரம் தெரிந்தது.

"எவனோ வெட்டிட்டுப் போயிட்டான் மேடம்," என்றார் அவசரம் அண்ணன். ரயில் பெட்டிப் பணிமனையில் முப்பது வருடமாக பிட்டர். கூரை தீப்பிடித்தாலும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்று எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் அது.

"வெட்டறவன் மூலையை மட்டும் எதுக்கண்ணே விட்டுவைக்கணும்?"

"அதை அவனைத்தான் கேக்கணும்."

அவர் போன பிறகு அவள் கம்பி முனைகளை விரலால் தடவிப் பார்த்தாள். வெட்டிய கம்பி குத்தும். இது குத்தவில்லை. ஒவ்வொரு முனையும் மழமழவென்று, பிறந்ததே அந்த நீளத்துக்குத்தான் என்பது போல முடிந்திருந்தது. முனைகள் நேர்கோட்டிலும் இல்லை. அலை அலையாகப் போய், ஓரிடத்தில் வெடுக்கென்று சின்னதாக ஒரு கோணல் வாங்கி, மறுபடி அலையாகப் போயின. அந்தக் கோணலை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்றுதான் தெரியவில்லை. அன்று முழுக்க உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

பெட்டியின் பக்கச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, காற்று வருவதற்கு நீளமான துளைகள் இருக்கும். அவற்றுக்குச் சட்டம் போட்ட கம்பிவலை வடிவமைப்பதுதான் ஆறு மாதமாக அவள் வேலை. சொன்னால் கொசுவலை கட்டுகிற வேலையா என்று கேட்பார்கள்; செய்து பார்த்தால் தெரியும். கண் சிறிதானால் காற்று வராது, பெரிதானால் தூசி வரும். கம்பி மெலிந்தால் ஓட்டத்தில் அதிரும், தடித்தால் சட்டம் கனத்து ஸ்க்ரூ தளரும். கழுவுகிறவர் சுலபமாகக் கழற்ற வேண்டும், பயணி கழற்றவே கூடாது.

இந்த வேலையை அவள் தலையில் கட்டியவர் அவள் கணவர். அவர் பெட்டி அட்டெண்டர். பயணிகளுக்குப் போர்வை, தலையணை கொடுத்துவிட்டு, கதவோரத்துச் சின்ன அறையில் ஒரு துளைக்குக் கீழே படுப்பவர். "ஒரு நடைக்கு அரைக்கிலோ மண்ணு திங்கறேன். பொண்டாட்டி பெரிய வரைபடக்காரி. புருஷனுக்கு ஒரு வலை போட்டுத் தர துப்பில்லை," என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சீண்டினார். வாய் ஓயாதவர். அவர் வீட்டில் இல்லாத நாட்களில் கடிகாரச் சத்தம் கேட்கும், அது அவளுக்குப் பிடிக்காது.

மாலையில் வரைபடத்தை எடுத்து உள்ளே வைக்கப் போனபோதுதான் அவள் அந்தக் கோணலைப் பார்த்தாள்.

வலையை யாரும் முழுதாக வரைவதில்லை. சட்டத்தை வரைந்து, ஒரு மூலையில் கொஞ்சம் கட்டம் போட்டு, அலைக்கோட்டால் முடித்துவிட்டால், மீதியும் அப்படியே என்று பணிமனைக்குப் புரியும். தொழிலில் அது பழக்கம். அவளும் அப்படித்தான் வரைந்திருந்தாள், கீழ் இடது மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு. அலைக்கோடு போடும்போது போன் அடித்துக் கை துள்ளியது. முழு அளவு வரைபடம் அது. சட்டத்தைத் தூக்கித் தாள்மேல் வைத்தாள். கம்பி முனைகள் கோட்டின்மேல் ஒரு மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தன. கோணல்மேல் கோணல்.

அவள் சட்டத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விளக்கை அணைக்காமலே வீட்டுக்குப் போனாள்.

யாரிடம் சொல்வது? சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள். அடுத்த இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் வலையை முழுதாக வரைந்தாள், நாலாயிரத்துச் சொச்சம் கண்களையும். மேனேஜர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஸ்வெட்டர் பின்றீங்களா?" என்றார். சோதனைப் பெட்டி எங்கே போனாலும் அதன் வரைபட நகல் கூடவே போக வேண்டும் என்பது விதி. வழியில் எதுவும் கழன்றால் பார்த்து மாட்டுவதற்காக அட்டெண்டர் அறைக் கதவின் பின்னால் ஒரு தகர உறையில் செருகி வைப்பார்கள். பழைய நகலை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கச் சொன்னாள். ஆளில்லாத பெட்டி, ரயிலின் வாலில் மாட்டிக்கொண்டு இரண்டாம் முறையும் போய் வந்தது.

இந்த முறை வலை முழுதாக இருந்தது. அவளுக்கு உயிர் வந்தது. பிறகு பத்தொன்பதாவது வரிசையில் இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அந்த இடத்தில்தான் அவள் பேனா மை கசிந்திருந்தது.

"மேடம்." அவசரம் அண்ணன் குரல் வேறு மாதிரி இருந்தது. சட்டத்தின் மூலைகளைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "நான் நாலு ஸ்க்ரூ போட்டேன். என் கையால போட்டேன்."

ஒரு மூலையில் மட்டும் ஸ்க்ரூவின் துளை இருந்தது. மற்ற மூன்றிலும் துளையே இல்லை. துளைத்து அடைத்த அடையாளமும் இல்லை. வழவழப்பான இரும்பு, அதன்மேல் சிலுவை மாதிரி ஒரு மெல்லிய கீறல். அவள் ஒரே ஒரு ஸ்க்ரூவைத்தான் வரைந்திருந்தாள். மற்ற மூன்று இடத்திலும் கூட்டல் குறி போட்டு, பக்கத்தில் 'நான்கு இடங்களில்' என்று எழுதியிருந்தாள்.

அப்படியானால் எழுத்தை அது படிப்பதில்லை. கோட்டை மட்டும்தான் பார்க்கிறது. 'அது' என்று தான் நினைத்துவிட்டதே அவளுக்குப் பயமாக இருந்தது. அவசரம் அண்ணன் அன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது ஓட்டத்துக்கு ஆள் ஏற வேண்டும். வலைக்குப் பின்னால் ஒரு மூடி உண்டு. மழை வந்தால் கைப்பிடியை இழுத்து மூடலாம். நின்ற நிலையில் கை எட்டுகிறதா என்று ஒருவர் இழுத்துப் பார்த்துக் குறித்து வர வேண்டும். "என் பொண்டாட்டி போட்ட வலைக்கு நான் போகாம வேற யாரு போவா?" என்று அவர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். காரணம் கேட்டால் என்ன சொல்வது? அதற்குப் பதிலாக வரைந்தாள். நான்கு ஸ்க்ரூ, நான்கின் தலையிலும் வெட்டு, சட்டத்தின் நான்கு ஓரம், ஒவ்வொரு கண். ஏழு முறை சரிபார்த்தாள். அந்தத் தாளில் வரையாமல் விட்டது எதுவும் இல்லை. அவர் கிளம்பிய காலை, "என்ன, என்னை முதல்தடவையா பாக்கற மாதிரி பாக்கற?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம், பெட்டி திரும்பி வந்து கடைசித் தண்டவாளத்தில் நிற்கிறது என்று சொன்னார்கள். அவரிடமிருந்து போன் வரவில்லை. இறங்கியதும் அடிப்பவர். சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று சொல்லிக்கொண்டு அவள் வலைக் கோப்பிலிருந்த தாள்களை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி கலைத்து அடுக்கினாள். அப்போது மூன்றாம் தாள் கையில் வந்தது. அதன் ஓரத்தில் 'நகல் எடுக்கப்பட்டது' என்று முத்திரை. முந்தாநாள் தேதி.

"அண்ணே, இதை யார் நகல் எடுத்தது?"

"கைப்பிடி சோதனைன்னா மூணாவது தாளும் போகணும்னு மேனேஜர் சொன்னாரு. நான்தான் தகர உறையில வெச்சேன். ஏன் மேடம்?"

அந்தத் தாளில் கைப்பிடி இருந்தது. அதை எட்டிப் பிடிக்கும் ஆள் இருந்தார். ஆறு மாதத்துக்கு முன்னால் வீட்டுச் சுவரோரமாக அவரை நிறுத்தி, வலது கையைத் தூக்கச் சொல்லி, டேப் பிடித்து அளந்து வரைந்த ஆள். ஒரு நிமிடம் சும்மா நிற்கவில்லை மனிதர், கூசுகிறது என்று நெளிந்தார். "அசையாதீங்க" என்று அவள் அதட்டிக்கொண்டே அளந்தாள். வரைந்ததை அவர் அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, காலெல்லாம் எங்க?"

"காலா கைப்பிடியை இழுக்கப்போகுது?"

"சரி, மூஞ்சியாவது போடு."

"முகம் எனக்கு வராதுங்க. அளவு இருந்தாத்தான் வரும்."

"பதினோரு வருஷமா பாக்கற மூஞ்சி!"

தலைக்கு ஒரு நீள்வட்டம். கழுத்து. தோள். தூக்கிய வலது கை. மார்புக்குக் கீழே அலைக்கோடு.

அவள் போன் அடித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. எடுத்த சத்தம் கேட்டது.

"என்னங்க."

மூச்சுச் சத்தம் கூட இல்லை.

"என்னங்க, பேசுங்க."

டொக். நகத்தால் தட்டுவது போல. டொக். டொக்.

மேசைமேல் இருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு ஓடினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே ஜல்லி காலை வாரியது. அவசரம் அண்ணன் பின்னாலிருந்து கூப்பிடுவது கேட்டது, பிறகு கேட்கவில்லை. கடைசித் தண்டவாளத்தில் பெட்டி தனியாக நின்றது. எல்லாக் கதவும் மூடியிருந்தது, ஒன்று மட்டும் திறந்திருந்தது.

உள்ளே சூடான இரும்பு வாசனை, துவைத்த போர்வை வாசனை. நடைபாதை நெடுக, மேலே உள்ள துளைகள் வழியாக வெயில் விழுந்து, அவள் வரைந்த வலை தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. அவள் அந்தக் கட்டங்களை மிதித்துக்கொண்டு நடந்தாள். தன் காலடி தவிர வேறு சத்தம் இல்லை. பதினோரு வருடத்தில் அந்த மனிதர் இருக்கும் இடம் இப்படி இருந்ததே இல்லை.

அட்டெண்டர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. பெர்த்தின்மேல் அவர் போன் கிடந்தது, இன்னும் அவள் பெயரோடு.

இடுக்கு வழியாகக் கை தெரிந்தது. தூக்கிய வலது கை. விரல்கள் கைப்பிடியைச் சுற்றியிருந்தன. அவர் கைதான் என்று சொல்ல அதில் ரோமம் இல்லை, தழும்பு இல்லை, ரேகை இல்லை. ஆனால் நீளம் அவளுக்குத் தெரியும். அவள் அளந்த நீளம்.

தோள். கழுத்து. வழவழவென்று பின்தலை. அது திரும்பவில்லை.

அவள் பார்வையைத் தரைக்கு இறக்கினாள். அவர் நிற்க வேண்டிய இடத்தில் வெயில் விழுந்திருந்தது. கட்டம் கட்டமாக. ஒரு கட்டம் கூட மறையவில்லை.

கத்தக் கூடாது. கத்தினால் கை நடுங்கும்.

கதவின் பின்னால் தகர உறை. மூன்றாம் தாளை உருவிக் கதவோடு வைத்து அழுத்தினாள். அலைக்கோட்டை நகத்தால் சுரண்டினாள், போகவில்லை. அதன்மேலேயே வரைந்தாள். விலா. இடுப்பு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, தரையை மட்டும் பார்த்தாள். ஒரு வரிசைக் கட்டம் இருண்டது. இடது கை. சீக்கிரம். தொடை. இன்னொரு வரிசை. முழங்கால், கணுக்கால், பாதம். பென்சில் வழுக்கியது. பாதம்.

தரையில் அவர் நிழல் முழுதாக விழுந்தது.

பிறகு ஒரு காலடி. இன்னொன்று. ஒன்று அழுத்தமாக, ஒன்று இழுத்தபடி. வலது காலைக் கொஞ்சம் குட்டையாக வரைந்துவிட்டாள்.

முகம். முகம்தான் பாக்கி. நீள்வட்டத்துக்குள் பென்சிலைக் கொண்டுபோனாள். கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு? மூக்கு எங்கே ஆரம்பிக்கும்? உதட்டோரம் ஒரு மச்சம் உண்டு. இடதா? வலதா? அந்த மச்சத்தில் அவள் முத்தம் கொடுத்திருக்கிறாள். அளந்ததில்லை. நேற்றுக் காலை அவர் சிரித்ததை நினைத்துப் பார்த்தாள். சிரித்தது ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை.

அவள் தோளுக்குமேல் இடது கை வந்தது. அவசரத்தில் மூன்று விரல்தான் போட்டிருந்தாள்.

சூடு இல்லை, குளிர்ச்சியும் இல்லை. அது தடவித் தடவி அவள் மணிக்கட்டைக் கண்டுபிடித்தது. மெதுவாக, வலிக்காமல் பிடித்தது. பென்சில் முனையை வெறும் வட்டத்தின்மேல் கொண்டுவந்து நிறுத்தியது. பக்கத்தில் காகிதத்தை ஒரு விரலால் தட்டியது.

டொக். டொக்.

பிறகு அவர் தலையைக் குனிந்து அவள் முகத்துக்கு நேராக, வெயிலில் வைத்தார். அதன்மேலும் கட்டம் கட்டமாக வலை விழுந்தது.

இந்த முறை அவர் அசையவே இல்லை.