கடல்மேல் நின்ற பிலோமி

“கடல்மேல நடந்தவர் ஒருத்தர்தான். அவர் பேர் வேதத்துல இருக்கு. உங்க அப்பன் பேர் இருக்கா?” என்று பர்னபாஸ் வாத்தியார் கேட்டார்.

“அவரு சீடர் இராயப்பரும் நடந்தாரே, சார்” என்றாள் பத்து வயதுப் பிலோமி.

“அவரு பாதியில முங்கிட்டாரு. நீ உக்காரு.”

வகுப்பு சிரித்தது. பிலோமி உட்காரவில்லை.

அவள் அப்பா சிலுவை, சண்டைக்காலம் முழுவதும் சரக்குக் கப்பலில் உழைத்து, சென்ற மாதம்தான் தூத்துக்குடிக்குத் திரும்பியவர். வடகோடியில் கடலே கல்லாக உறைந்து கிடந்ததாம். அவ்வூர்ப் பெண்ணொருத்தி கோலால் தட்டி, ஓசை கேட்டு, உறுதியான வழியாக அவர்களை நடத்திச் சென்றாளாம். பனியில் துளையிட்டுத் தூண்டில் இறக்கி மீன் பிடித்தார்களாம். அந்தக் குளிருக்கு அவர் இரண்டு விரல்களைக் கொடுத்திருந்தார். அவர் குடியிருந்த திரேஸ்புரமோ அவருக்குப் ‘புளுகுச் சிலுவை’ என்று பெயர் கொடுத்தது.

வாத்தியார் விடவில்லை. “உப்புத் தண்ணி உறையாது. ஐஸ் கம்பெனித் தொட்டியைப் பாரு. அச்சுக்குள்ள நல்ல தண்ணி கல்லாகுது. சுத்தி நிக்க உப்புத் தண்ணி அப்படியேதான் கிடக்கு. திங்கட்கிழமை எல்லார் முன்னாலயும் ‘அப்பா சொன்னது புளுகு’ன்னு சொல்லணும். இல்லன்னா வகுப்புக்கு வராத.”

“சொல்ல மாட்டேன், சார். போய்ப் பாத்துட்டு வாரேன்.”

பார்க்காமலே பழித்தவர்கள் ஊர் நிறைய இருந்தார்கள். பார்க்கப் புறப்பட்டவள் அவள் ஒருத்தியே.

ஐஸ் கம்பெனியில் தாணுலிங்கம் அண்ணாச்சி வழிமறித்தார். “ஏளா, பொட்டப்புள்ளைக்கு இங்கன என்ன வேலை?”

“தொட்டித் தண்ணியை நக்கிப் பாக்கணும், அண்ணாச்சி.”

“இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல. நக்கு.”

பிலோமி விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். முகம் அஷ்டகோணலாயிற்று. “கசக்கு. எவ்வளவு உப்பு போட்டீங்க?”

“மூட்டை மூட்டையாக் கொட்டியிருக்கோம். உறையக் கூடாதுல்லா?”

“கடல்ல யாரும் மூட்டை மூட்டையாக் கொட்டலையே.”

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். இருபது ஆண்டுகளாக அந்தத் தொட்டியைக் காத்தவருக்கு அது தோன்றியதில்லை.

சனிக்கிழமை காலையில் ஒரு தகர டின் நிறையக் கடல்நீர் சுமந்துவந்தாள். அண்ணாச்சி அதைத் தொட்டியில் இறக்கினார். “உறையலன்னா என்ன செய்வ?”

“அப்பவும் புளுகுன்னு சொல்ல மாட்டேன். வேற வழி பாப்பேன்.”

திங்கட்கிழமை, பள்ளி முற்றத்தில் அண்ணாச்சி சாக்கைப் பிரித்தார். உள்ளே பால்போல் வெளுத்த ஒரு பாளம் இருந்தது.

“கிணத்துத் தண்ணியா இருக்கும்” என்றார் வாத்தியார்.

“நக்கிப் பாருங்க, சார்.”

வாத்தியார் ஒரு சில்லை உடைத்து வாயில் போட்டார். உப்புக் கரித்தது. இன்னொரு சில்லையும் போட்டார்.

“எங்களுக்கும் வையுங்க, சார்” என்றது பின்வரிசை.

பிலோமி பாளத்தின்மேல் ஏறினாள். வெறுங்காலைக் குளிர் கடித்தது, அவள் அசையவில்லை. “சார், கடல்மேல நிக்கேன்.”

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. வாத்தியார் குனிந்து பாளத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

“நாளைக்கு உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா. தட்டினா எப்படிச் சத்தம் கேக்கும்னு அவருதான் எங்களுக்குச் சொல்லணும்” என்றார்.

பிறகு செருப்பைக் கழற்றினார். “இப்பக் கொஞ்சம் தள்ளி நில்லு, ஏளா.”