ஜெயசீலிக்கு அரைச்சுமை

காலை ஆறு மணி. நிலாக் குடியிருப்பின் ஏழாம் குகையில் எல்லோரும் தங்களை வழக்கம்போல ஓட்டப் பொறிகளோடு இழுத்துக் கட்டிக்கொண்டார்கள். பூமியில் இருக்கும் எடை உடம்பில் ஏறும்வரை இழுவைப் பட்டைகளை முறுக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். நிலாவில் ஆளின் எடை ஆறில் ஒரு பங்குதான். அப்படியே விட்டால் தசை கரைந்துவிடும். அதனால் ஓட்டம் சட்டமாகவே இருந்தது. மூன்று மாதம் தொடர்ந்து ஓட்டத்தின் அளவு குறைந்தவருக்கு அடுத்த கப்பலில் பூமிக்குச் சீட்டு.

ஜெயசீலிக்கு இது மூன்றாவது மாதம்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. சொந்த ஊர் தூத்துக்குடி. இரண்டு வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனது. பூமியில் நாற்பது வருஷம் காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கியைக் காலில் மாட்டி நடந்தவர், நிலாவுக்கு வந்ததும் ஓடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதைக் கழற்றிவிட்டார். இருபது வருஷமாகக் குகையின் கீரைத்தோட்டம் அவர் பொறுப்பு. வீடு, வேலை, சிநேகிதம் எல்லாம் இங்கேதான்.

இரண்டு வருஷமாகத்தான் உடம்பு மக்கர் பண்ணியது. நல்ல கால் என்று நம்பியிருந்த இடது கால் பத்து மணிக்கே நடுங்கியது. கொஞ்சம் குளிர்ந்தாலும் விரல் மடங்கவில்லை. படுத்தால் மூச்சு மேலேயே நின்றது. ஓடிய மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை.

சுவரில் பதித்த நலக்கணிதான் அங்கே வைத்தியர். அது பணிவாகக் கேட்டது: "அம்மா, சோர்வு இருக்கிறதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டபோதும் வேலை கேட்டபோதும் அறுபது வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் அது. பத்தடி நடக்கச் சொன்னதும், யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்பிலேயே நிமிர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அழகாக நடந்தார்.

"சிறப்பு! சோர்வு இல்லை. பயிற்சிதான் போதவில்லை. நாளை முதல் மூன்று மணி நேரம்."

"சின்ன வயசுல எனக்குப் போலியோ வந்துச்சு. அதனால இருக்குமோ?"

"அந்த நோய் ஒழிந்துவிட்டது, அம்மா. பட்டியலில் இல்லை."

பட்டியலில் நோய்தான் இல்லை. நோய் வந்த ஆள் இருக்கிறாளே என்று எப்படிச் சொல்வது? ஜெயசீலி பக்கத்துப் பட்டறைக்குப் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தார்.

பட்டறை ஷாகுலுடையது. எந்திரன்களைப் பழுது பார்க்கிறவன். ஊர் காயல்பட்டினம்.

"என்னக்கா, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?"

"மூணு மணி நேரம் ஓடணுமாம்ல. ஓடுனா சாவேன், ஓடலைன்னா கப்பல்."

"அதுட்ட முடியலன்னு சொன்னியளா?"

"சொல்ல வரலியே!"

"நல்லா இருக்கு போங்க. ஏங்கிட்ட மட்டும் மூச்சுக்கு மூச்சு முடியல முடியலன்னு சொல்லுங்க." சிரித்தவன், அவர் கண் கலங்குவதைப் பார்த்து நிறுத்தினான். "சரிக்கா. அந்தப் போலியோ உள்ள என்னதான் செய்யும்?"

"தசைய ஆட்டுற நரம்புல பாதியக் கொன்னுரும். மிஞ்சுன நரம்பு செத்ததோட வேலையவும் சேத்துப் பாக்கும். அப்படித்தான் நான் நடந்தேன். அறுவது வருசமா ரெட்டை வேலை பாத்த நரம்பு இப்ப ஒவ்வொண்ணாக் கழண்டுக்கிடுது."

ஷாகுல் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"எக்கா, இதுக்குத்தான் எங்க படிவத்துல தனிப் பக்கமே இருக்கே!"

எந்திரன் பராமரிப்புப் படிவத்தைத் திரையில் திறந்தான். எப்படி இருக்கிறீர்கள் என்று அது கேட்கவில்லை. மோட்டார்களில் எத்தனை செயலிழந்தன? பாதி. மீதி எத்தனை வருஷமாகக் கூடுதல் சுமை இழுக்கின்றன? அறுபத்தொன்று. பெயர் என்ற இடத்தில் 'ஜெயசீலி' என்று தட்டினான்.

பதில் உடனே வந்தது. 'அபாயம். இன்றே அரைச்சுமை. நாற்பது நிமிட ஓட்டத்துக்கு இருபது நிமிட ஓய்வு. குளிர் படக் கூடாது. காற்றுக் குழாயைச் சோதித்து உதவிக்காற்று கொடுக்கவும். முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது கண்டிப்பாகத் தடை. இவ்வளவு காலம் ஓட்டிய பராமரிப்பாளர்மீது விசாரணை.'

ஜெயசீலி அதை இரண்டு தடவை படித்தார். "ஓய்வெடுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் எங்கிட்டச் சொன்னதில்ல தம்பி," என்றார்.

குடியிருப்பின் கணினிகளுக்குள் சண்டை கிடையாது; ஒன்று பதிந்ததை மற்றதெல்லாம் அப்படியே ஏற்கும். எந்திரன் என்று பதிவான ஜெயசீலியின் பெயர் ஓட்டப் பட்டியலிலிருந்து அன்றே நீங்கியது. கப்பல் சீட்டும் ரத்தானது. படுக்கையருகே மூச்சுக்கருவி வந்தது. கீரைத்தோட்டத்தில் வெப்பப் பலகையும் சக்கர நாற்காலியும் வந்தன. ஒரு மாதத்தில் அவர் மத்தியானம்வரை நடுக்கமில்லாமல் கீரை பறித்தார்.

பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. முதுகு போன சுரங்கக்காரர் ஒருவர் ஷாகுலிடம் வந்தார். ஏழு மாதக் கர்ப்பிணி வந்தாள். மூன்று வருஷமாக விடுப்பே எடுக்காத கணக்காளர் வந்தார். "தம்பி, என்னையும் எந்திரன்னு பதிஞ்சு விட்டுரு."

நாற்பது பேர் பதிவானதும் நிர்வாகக் குழு விழித்துக்கொண்டது. அவசரக் கூட்டம் போட்டது. மனிதனை எந்திரனாகப் பதிவது மனித குலத்துக்கே அவமானம் என்று எல்லோரும் ஒருமனதாகக் கண்டித்தார்கள். ஷாகுலுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினார்கள். நாற்பது பேரையும் உடனடியாக மனிதர்களாக மாற்ற உத்தரவிட்டார்கள்.

மாற்றினால் அவர்களை எந்த விதிப்படி நடத்துவது என்று ஒருவர் கேட்டார். மனிதர்களுக்கான விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, ஆளுக்கு நாலு பக்கம் படித்துப் பார்த்தார்கள். ஓட வேண்டும், உழைக்க வேண்டும் என்று இருந்ததே தவிர, முடியாதவர் ஓய்வெடுக்கலாம் என்று எங்கும் இல்லை; புத்தகத்தை மூடிவைத்தார்கள்.

மறுநாள் அறிவிப்பு ஒட்டப்பட்டது: 'மனிதர்களுக்குத் தகுந்த விதிகள் எழுதப்படும்வரை, அவர்களையும் எந்திரன்களுக்குக் குறையாமல் நடத்த வேண்டும்.'