பூட்டு மிஸ் விட்ட ஓட்டை

பள்ளிக்கூடம் விட்டு எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும், திரையில் இரண்டு பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திதான் இருக்க வேண்டும்.

அந்தப் பள்ளியில் அவளுக்குப் பூட்டு மிஸ் என்றே பெயர். கணினிகளையும் இணையத்தையும் கட்டிக் காப்பது அவள் வேலை. பாட நேரத்தில் எவனாவது பிரௌசரில் ஒரு கார் விளையாட்டைத் திறந்தால் மறுநாள் காலைக்குள் அதற்குப் பூட்டு விழுந்துவிடும். வேறு வழி கண்டுபிடிப்பார்கள், அதையும் அடைப்பாள். "இந்த மிஸ் கண்ணுல மண்ணைத் தூவவே முடியாதுடா" என்று அவர்கள் புலம்புவது காதில் விழுந்தால் உச்சி குளிர்ந்துபோகும். ஆனால் சொந்த மகள் என்று வந்ததும் சட்டம் வளைந்துகொடுத்தது. மகள் அதே பள்ளியில்தான் ஆறாம் வகுப்பு. அம்மாவின் வேலை முடியும்வரை மாடியில், கம்ப்யூட்டர் லேபில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பயமா இருக்கு, போரடிக்குது என்று தினமும் அழுகை. நச்சரிப்பு தாங்காமல், மகள் உட்காரும் கணினிக்கு மட்டும் தடுப்பில் ஓர் ஓட்டை விட்டாள். என்ன விளையாட்டு என்றுகூடக் கேட்கவில்லை. பிள்ளை வாயை மூடினால் போதும் என்றிருந்தது.

இப்போது அந்த ஓட்டை வழியாக இரண்டு கணினிகள் விளையாடுவதாகத் திரையில் இருந்த பட்டியல் காட்டியது. முதல் வரி மகளுடையது. இரண்டாவது வரியில் இருந்த எண்ணை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அது அவள் முன்னால் இருக்கும் கணினியின் எண்.

அவள் எந்த விளையாட்டையும் திறக்கவில்லை.

வெளியே சாயங்கால மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. சர்வர் அலமாரியின் ஓயாத இரைச்சலும், சூடேறிய வயர்களின் வாசனையும், ஜன்னல் இடுக்கு வழியாக வந்த ஈரச் சுவரின் வாடையும் சேர்ந்து, கீழ்த்தளத்தில் இருந்த அந்தச் சின்ன அறைக்குள் தன்னைத் தவிர இன்னொருவரும் மூச்சு விடுவதுபோல அவளுக்குத் தோன்றியது. சீச்சீ, எண் ஏதோ குழம்பியிருக்கும் என்று தன்னையே அதட்டிக்கொண்டு இன்டர்காமை எடுத்தாள்.

"என்னம்மா?" மகள் கிசுகிசுத்தாள்.

"என்னடி விளையாடுற?"

"ஒளிஞ்சு பிடிக்கிறது. பேசாதம்மா, சத்தம் கேட்டா கண்டுபிடிச்சிடுவ."

"யாரு?"

"நீதான்." சிரிப்பு. "ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குற பாரு. அம்மான்னு பேரு போட்டுக்கிட்டு தினம் வர்றியே. இன்னைக்கு நம்ம ஸ்கூல் மாதிரியே படம் வந்திருக்கு. நான் லேப்ல ஒளிஞ்சிருக்கேன். நீ இப்ப மாடிப்படி ஏறுற."

"குட்டி, அது நான் இல்லடி."

"போம்மா. வாலுக்குட்டின்னு எழுதுறியே, அது வேற யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது. தூங்க வைக்கும்போது காதோடு சொல்லும் பெயர் அது.

அப்போதுதான் மாடிப்படியில் அந்தச் சத்தம் கேட்டது. டக். சர்ர். டக். சர்ர். இடது செருப்பின் வார் தொய்ந்துபோய்ச் சில நாட்களாகத் தரையில் இழுபடுகிறது. நீ வருவது தெருமுனையிலேயே தெரிகிறது என்று சக ஆசிரியைகள் கேலி செய்யும் அவளுடைய நடை. அவளோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல மேஜைக்கு அடியில் கழற்றிவிட்ட செருப்பைக் காலால் துழாவினாள்.

வெறும் தரை. சில்லென்ற தரை.

கை தானாகத் தெரிந்த வேலையைச் செய்தது. ஓட்டையை அடைத்தாள். பூட்டு விழுந்தது. திரையில் இரண்டு வரிகளும் அப்படியே நின்றன. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பது அப்போதுதான் உறைத்தது: தடுப்பு போட்டால் இனிமேல் வருவதுதான் நிற்கும், ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதை அது ஒன்றும் செய்யாது. அதைத் தனியாகத் துண்டிக்க வேண்டும். பதறிப்போய் இரண்டாவது வரியைத் துண்டித்தாள். அறுந்தது அவள் கணினிதான். இனி இங்கிருந்து எதையும் பூட்டவும் முடியாது, திறக்கவும் முடியாது.

காதில் இன்டர்காம் இன்னும் இருந்தது. டக். சர்ர். நின்றது. கதவைத் தட்டும் சத்தம்.

"குட்டி, அம்மா வந்துட்டேன். திற."

அவளுடைய குரல். சாயங்காலமானால் லேசாகக் கம்மிப்போகும் அதே குரல். தாழ்ப்பாள் போட்டுக்கொள், என் குரல் கேட்டால் மட்டும் திற என்று தினமும் பாடம்போலச் சொல்லி வைத்தவள் அவள்தான்.

"திறக்காதடி! நான் இங்க இருக்கேன்! திறக்காத!"

ரிசீவர் அங்கே மேஜைமேல் கிடந்தது போலும். யாரும் கேட்கவில்லை. தாழ்ப்பாள் விலகியது. பிறகு மறுபடியும் விழுந்தது.

ஓடினாள். வெறுங்காலோடு. படிகள். வழுக்கல். இருட்டிய வராந்தா. லேப் கதவு. உள்ளே தாழ்ப்பாள்.

"குட்டி! அம்மாடி! திறடி!" இரண்டு கையாலும் அடித்தாள்.

பிறகு மகளின் குரல், நடுங்கி நடுங்கி.

"அம்மா... வெளிய யாரோ உன்ன மாதிரியே பேசுறாங்க."

"பேசட்டும், வாலுக்குட்டி," என்றது அவள் குரல், உள்ளேயிருந்து. "அம்மா போட்ட பூட்டைத் தாண்டி யாரும் வர முடியாது. வா, வந்து மடியில உக்காரு."

அப்படியே தரையில் விழுந்து, கன்னத்தைச் சிமென்டில் அழுத்தி, கதவுக்கு அடியில் பார்த்தாள். வெளிச்சம். நாற்காலிக் கால்கள். அவற்றின் முன்னால், ஜோடியாக, அவளுடைய செருப்பு.

அதற்குள் கால் இல்லை.

மகளின் வெள்ளைக் காலுறைகள் ஓடி வந்து செருப்பின் எதிரே நின்றன. பிறகு காலுறைகள் இரண்டும் மெல்லத் தரையை விட்டு மேலே எழும்பின.